தொட்டிலுக்கு எதற்குக் கதவு

அந்த இரும்புச் சாமான் கம்பெனியில் செய்யப்பட்ட ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கதவு இருந்தது. அலமாரிக்குக் கதவு இருப்பதில் வியப்பில்லை. ஆனால் அங்கே பெஞ்சுக்கும் கதவு உண்டு. நோயாளிகள் படுக்கும் கட்டிலுக்கும் கதவு உண்டு. ஏணிக்குக்கூட, உச்சிப் படிக்குக் கீழே, உள்ளங்கை அகலத்தில் ஒரு கதவும் அதற்கொரு பூட்டும் உண்டு. முதன்முறை பார்ப்பவர்கள் சிரித்துவிடுவார்கள். காரணத்தைக் கேட்டபின், தொடர்ந்து சிரிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் விழிப்பார்கள்.

காரணம் ஒரே ஒரு வரிதான். இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்தக் கம்பெனி பெற்றிருந்த உரிமத்தில், ‘பூட்டும் கதவும் உடைய இரும்பு அலமாரிகள் தயாரிக்கலாம்’ என்று எழுதியிருந்தது. வேறு எதைச் செய்வதானாலும் வேறோர் உரிமம் பெற வேண்டும். அப்படி விண்ணப்பித்தவர்களின் கதைகள் ஊரறிந்தவை. எதிர்த்தெருவில் நாற்காலி செய்ய ஆசைப்பட்ட ஒருவர், பதினொரு மேசைகளைக் கடந்து நான்காம் ஆண்டில் உரிமத்தோடு திரும்பியபோது, நாற்காலி கேட்டிருந்தவர்கள் வேறெங்கோ வாங்கி, உட்கார்ந்து, உடைத்தும் முடித்திருந்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பள்ளிக்கூடம் இருநூறு பெஞ்சுகள் கேட்டது. முதலாளியம்மா உதட்டைப் பிதுக்கினார். அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த குமாஸ்தா மட்டும் உரிமத்தின் நகலை இரண்டு நாட்கள் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தார். மூன்றாம் நாள் முதலாளியம்மாவின் மேசைக்கு முன் வந்து நின்றார்.

“மேடம், அலமாரி எவ்வளவு உயரம் இருக்கணும்னு இதுல எழுதலை. அதுமேல உட்காரக் கூடாதுன்னும் எழுதலை.”

அப்படிப் பிறந்ததுதான் கதவு வைத்த பெஞ்சு. ஆய்வாளர் வந்தார், குனிந்து இருக்கைக்கு அடியிலிருந்த சிறு கதவைத் திறந்தார், மூடினார், சாவியைத் திருப்பினார். ‘அலமாரிதான்’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, அந்த அலமாரியின் மேலேயே உட்கார்ந்து தேநீர் அருந்திவிட்டுப் போனார். அன்று முதல் அந்தக் குமாஸ்தாவுக்குக் ‘கதவு சார்’ என்று பெயர் நிலைத்தது. உரிமத்துக்குக் காத்திருந்த மற்றக் கம்பெனிகள் ஒவ்வொன்றாக ஷட்டரை இறக்கியபோது, கதவின் புண்ணியத்தில் இந்தக் கம்பெனி இரண்டு கொட்டகையிலிருந்து ஏழு கொட்டகையாக வளர்ந்தது.

இன்னொரு செய்தியும் உண்டு. அது வெளியே யாருக்கும் சொல்லப்படாத செய்தி. உரிமத்தில் பூட்டு வேண்டும் என்று இருந்ததே தவிர, ஒவ்வொரு பூட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும் என்று இல்லை. எனவே எல்லாப் பூட்டுகளும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டன. எல்லாவற்றுக்கும் ஒரே சாவி.

அந்தச் சாவிகளில் ஒன்று அவளுடைய கைப்பையில் இருந்தது.

அவள் அங்கே வரைபடம் போடுபவள். கொட்டகை முழுவதும் அவளை ‘வரைபடம் அக்கா’ என்றே அழைக்கும். வேலையில் சேர்ந்த புதிதில், கதவு சார் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்த உரிம நகலோடு அவளுடைய மேசைக்கு வருவார். “இதுல எங்க வைக்கலாம்?” என்று கேட்பார். எந்தப் பொருளாக இருந்தாலும் கேள்வி அதுவே. இருவருமாகத் தலையைச் சாய்த்து, படத்தில் கதவுக்கு இடம் தேடுவார்கள். இரண்டு ஆண்டுகள் இப்படித் தேடியபின் ஒருநாள், கேள்வி எதுவும் கேட்காமல், அவர் ஒரு சாவியை வரைபடத்தின் மேல் வைத்தார்.

“நம்ம கம்பெனில செய்யற எல்லாத்தையும் இது திறக்கும். எங்கிட்ட வேற சொத்து இல்ல.”

அவள் கோட்டை முடிக்காமல் நிமிரவில்லை. “வீட்ல கேட்டுச் சொல்றேன்” என்றாள். ஆனால் சாவியை எடுத்துக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். கல்யாணம் ஆனபின் கைப்பைகள் ஏழு மாறிவிட்டன. சாவி மாறவில்லை.

*

கம்பெனி வளர்ந்தது உண்மையே. ஆனால் அவள் மனத்தில் ஒரு குறை இருந்தது. கதவு வைக்க முடிந்ததை மட்டுமே அவர்கள் செய்தார்கள். கதவு வைக்க இடமில்லாத பொருள் எவ்வளவு தேவையானதாக இருந்தாலும் அது அவளுடைய மேசைக்கு வந்து சேர்வதே இல்லை.

ஒருமுறை கட்டில்களுக்கு அளவெடுக்க ஒரு சிறிய மருத்துவமனைக்குப் போயிருந்தாள். நண்பகலில் மின்சாரம் நின்றது. பிறந்து மூன்று நாளான ஒரு குழந்தையைச் சுற்றி, செவிலியர் வெந்நீர்ப் புட்டிகளைத் துணியில் சுற்றி அடுக்குவதைப் பார்த்தாள். குழந்தை ஓர் உள்ளங்கை நீளம்கூட இல்லை என்று தோன்றியது. அளவெடுக்கும் நாடாவைக் கையில் பிடித்தபடி அவள் மின்சாரம் வரும்வரை அங்கேயே நின்றாள்.

திரும்பி வந்ததும் முதலாளியம்மாவிடம் ஓர் அறை கேட்டாள்.

“எதுக்கும்மா? அலமாரி நல்லாத்தானே போயிட்டிருக்கு?”

“ஒரு தொட்டில் செஞ்சு பார்க்கணும் மேடம். கரண்ட் இல்லாம சூடா இருக்கற மாதிரி.”

“நாம என்ன தொட்டில் கம்பெனியா?” என்று கேட்டபோதிலும், பெயிண்ட் கொட்டகைக்குப் பின்னால் இருந்த பழைய அறையைத் திறந்துவிடச் சொன்னார் முதலாளியம்மா. இரண்டு ஆண்டுகள் அவளும் வெல்டர் அண்ணனும் அந்த அறையில் பாடுபட்டார்கள். மெழுகு அடைத்த ஒரு பையை வெந்நீரில் போட்டு உருக்கி, மெத்தைக்கு அடியில் உள்ள தட்டில் வைத்தால், அது மெல்ல உறைந்தபடியே நான்கு மணி நேரம் தாயின் உடம்புச் சூட்டைத் தரும். மின்சாரம் வேண்டாம், ஓர் அடுப்பும் ஒரு பானையும் போதும். மெழுகு எந்தச் சூட்டில் உறைய வேண்டும் என்பதைக் கண்டுபிடிக்கவே பதினான்கு மாதங்கள் ஆயின.

பை வைக்கும் தட்டுக்கு ஒரு கதவு, கதவுக்கு ஒரு பூட்டு. இதை யாரும் அவளிடம் சொல்லவில்லை. கை தானாக வரைந்துவிட்டது.

“அக்கா, குழந்தையைப் பூட்டி வெச்சீங்கன்னா, பெரியாளானதும் நம்ம மேல கேஸ் போட்டுடும் பாத்துக்கங்க” என்றார் வெல்டர் அண்ணன், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு.

“குழந்தைக்கு இல்லண்ணே, பைக்குத்தான் கதவு.”

“பை எங்க ஓடிப்போகப் போகுது?”

அவள் கீலுக்கு அளவைக் குறித்துக் கொடுத்தாள்.

ஆறு தொட்டில்கள் தயாரானபோது முதலாளியம்மா ஒரு நிபந்தனை வைத்தார். “அதே ஆஸ்பத்திரில மூணு மாசம் இருக்கட்டும். தலைமை நர்ஸ் நல்லா இருக்குன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தா ரூம் உனக்கு. இல்லைன்னா பெயிண்ட் டப்பாவுக்கு. நீ பழையபடி அலமாரி வரையலாம். கோவிச்சுக்காதே.”

தொட்டில்கள் புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பு அரசிடமிருந்து ஒற்றைத் தாள் அறிவிப்பு ஒன்று வந்தது. இனிப் பொருள்வாரியான உரிமங்கள் கிடையாது. யாரும் எதையும் செய்யலாம். செய்த பொருள் சொன்ன வேலையைச் செய்கிறது என்று தர நிர்ணய அலுவலகத்தில் மெய்ப்பித்தால் போதும். தேநீர் வேளையில் அதை உரக்கப் படித்தார்கள்.

“அப்போ கதவு அவுட்டா?” என்று கேட்டார் வெல்டர் அண்ணன்.

எல்லாருடைய பார்வையும் கதவு சாரின் மேல் விழுந்தது. அவர் தாளை வாங்கி, நான்காக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தேநீர் ஆறிப்போகும்வரை அதைத் தொடவில்லை.

மாலையில் வீட்டில் அவளும் கதவு சாரும் உலர்ந்த போர்வையை இரு முனைகளில் பிடித்து மடித்தார்கள். அவள் அன்று பகலில் இன்னொரு படமும் வரைந்திருந்தாள். அதில் கதவு இல்லை. அதைச் சொல்வதற்கு வாயைத் திறந்தபோது அவர் முந்திக்கொண்டார்.

“எட்டு வருஷத்துக்கு முன்னாடியும் இப்படித்தான் ஒரு பேப்பர் வந்துச்சு, ஞாபகம் இருக்கா? பின்தெரு கட்டில்காரர் அன்னிக்கே கதவைக் கழட்டினாரு. ஆறே மாசத்துல சட்டத்தைத் திருப்பிப் போட்டாங்க. மெஷினுக்கெல்லாம் சீல். அவரு இப்போ பஸ் ஸ்டாண்டுல டிக்கெட் கிழிக்கறாரு.”

“ஞாபகம் இருக்குங்க.”

“கதவு அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே. அதால என்ன கெடுதல்?”

போர்வையின் முனைகளைச் சேர்க்க அவர் அவளை நோக்கி வந்தார். கையும் கையும் தொட்டபோது, சிரிப்பது போல் மெல்லச் சொன்னார்: “அதுவும் இல்லைன்னா என்னை எதுக்கு வெச்சிருக்காங்களாம்?”

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயத்துக்குப் பின்னால் ஒரு பயமும் இருந்தது. அவளுக்கு இரண்டுமே புரிந்தன. கதவுள்ள தொட்டில்களே மருத்துவமனைக்குச் சென்றன.

*

பன்னிரண்டாவது வாரம் தலைமைச் செவிலியிடமிருந்து தொலைபேசி வந்தது.

“வரைபடம் அம்மாவா? கொஞ்சம் வந்துட்டுப் போங்க. வரும்போது ஒரு சுத்தியல் கொண்டாங்க. எங்களோடது உடைஞ்சுபோச்சு.”

அவள் வெல்டர் அண்ணனிடம் ஒரு சுத்தியலை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். பேருந்திலிருந்து இறங்கி மருத்துவமனைப் படிகளில் ஏறும்வரை, சுத்தியல் எதற்கு என்று கேட்கத் தோன்றவே இல்லை என்பது அவளுக்கு உறைக்கவில்லை.

பச்சிளம் குழந்தைகளின் அறையில் நான்காம் எண் தொட்டிலின் கதவு, மிதிபட்ட தகர டப்பாவைப் போல் நெளிந்து தொங்கியது. பூட்டு மட்டும் திறவாமல் அப்படியே இருந்தது.

“குழந்தை?” என்று கேட்டாள்.

“நல்லா இருக்கு. அதோ.” தலைமைச் செவிலி கண்ணால் காட்டினார். நான்காம் எண் தொட்டிலிலேயே ஒரு குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. “உட்காருங்க, சொல்றேன். நேத்து மத்தியானம் கரண்ட் போச்சு. அஞ்சு தொட்டில்லயும் ஆளு இருக்கு. இது அப்பத்தான் பொறந்துச்சு, நாள் ஆகாம. பையைச் சுட வெச்சுக் கையில எடுத்துட்டு வந்துட்டேன். நாலாம் நம்பர் சாவியைக் காணோம்.”

சுவரில் ஒரு பலகை இருந்தது. அதில் ஆறு கொக்கிகள். ஒவ்வொரு சாவியிலும் ஒவ்வொரு நிறத்தில் நூல் கட்டி, எண் எழுதிய அட்டையும் தொங்கவிடப்பட்டிருந்தது. சிவப்பு நூலின் கொக்கி மட்டும் வெறுமையாக இருந்தது.

“அஞ்சு சாவி கையில இருக்கு. வேண்டிய ஒண்ணு மட்டும் இல்ல. பை ஆறிட்டே வருது. குழந்தையை அம்மா நெஞ்சோட சேர்த்துக் கட்டிட்டு, வார்டு ஆள் சுத்தியலால அடிச்சாரு. கால் மணி நேரம். அந்தச் சத்தத்துல மத்த அஞ்சும் எழுந்து அழுதுச்சு.”

அஞ்சு சாவி கையில் இருந்தது. அவள் அந்தப் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பேசாமல் இருந்துவிடலாம். இன்னொரு சாவி கொண்டுவந்து தருகிறோம், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனால், உலகத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை. கையெழுத்தும் ஒருவேளை கிடைத்துவிடும்.

எழுந்தாள். கைப்பையைத் திறந்து தன் சாவியை எடுத்தாள். இரண்டாம் எண் தொட்டிலின் பூட்டில் போட்டுத் திருப்பினாள், திறந்தது. ஐந்தாம் எண்ணில் போட்டாள், அதுவும் திறந்தது.

தலைமைச் செவிலி அவளையும் சாவியையும் மாறி மாறிப் பார்த்தார். “அது எந்த நம்பர் சாவி?”

“நம்பர் இல்லக்கா. எல்லாத்துக்கும் ஒரே சாவிதான். நேத்து உங்க கையில இருந்த அஞ்சுல எதைப் போட்டிருந்தாலும் திறந்திருக்கும்.” “நாங்கதான் சொல்லலை. வெளிய யார்கிட்டயும் சொல்ற வழக்கம் இல்ல.”

தலைமைச் செவிலி நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தார்.

“நான் லீவு போட்டாக்கூட போன் பண்ணி, பச்சை இருக்கா, நீலம் இருக்கான்னு கேட்டுட்டு இருக்கேன்” என்றார். “என் பொண்ணு நகையைக்கூட நான் இப்படிக் காவல் காத்ததில்ல. சரி, அது போகட்டும். எதுக்கு இந்தக் கதவு? அதையாவது சொல்லுங்க.”

“சட்டத்துக்காக வெச்சதுக்கா.”

“சட்டத்துக்கா? இந்த ரூம்ல ஆறு குழந்தைங்க படுத்திருக்கு. இதுல சட்டம் எது? காட்டுங்க, அதுக்கும் சேர்த்துப் பால் குடுக்கச் சொல்றேன்.”

அவள் தலைகுனிந்து நின்றாள். தலைமைச் செவிலியின் குரல் அதைப் பார்த்துத் தணிந்தது.

“தொட்டில் தங்கம்தான்மா. பொய் சொல்லலை. நாலு மணி நேரம் சூடு அப்படியே நிக்குது. ஆனா கதவோட இருந்தா நான் கையெழுத்துப் போட மாட்டேன். அடுத்த திங்கக்கிழமைக்குள்ள எடுத்துக் குடுங்க. அதுக்கப்புறம் எனக்கு வேற ஆஸ்பத்திரிக்கு மாத்தல்.”

வெளியேறும்போது, நான்காம் எண் தொட்டிலின் அருகில் படுத்திருந்த பெண் அவளைக் கைகாட்டி அழைத்தாள். “இதைச் செஞ்சது நீங்களாக்கா? கீழ இதமா இருக்குபோல. பாருங்க, எப்படித் தூங்குதுன்னு” என்றாள். அந்தப் பெண்ணின் நெஞ்சின் குறுக்கே, நேற்றுக் குழந்தையைக் கட்டியிருந்த துணி இன்னும் அவிழ்க்கப்படாமலே இருந்தது. நன்றி என்ற சொல்லை அவள் வாயிலிருந்து கேட்பதற்கு முன் எப்படியாவது அங்கிருந்து போய்விட வேண்டும் என்று இவளுக்கு இருந்தது.

*

கதவை எடுக்க ஒரு ஸ்பேனரும் அரைமணி நேரமும் போதும். ஆனால் கதவு சாரிடம் அதை எப்படிச் சொல்வது? இரண்டு நாட்கள் சொல்லாமலே கழிந்தன.

செவ்வாய்க்கிழமை அவர் வழக்கம்போல் கோப்புப் பையை எடுத்துக்கொண்டு உரிம அலுவலகத்துக்குக் கிளம்பினார். இருபத்திரண்டு ஆண்டுகளாகச் செவ்வாய் என்றால் அங்கேதான். அவளும் அன்று பகலில் அதே கட்டடத்துக்குப் போக வேண்டியிருந்தது. தர நிர்ணய அலுவலகம் மாடியில் இருந்தது. தொட்டிலுக்கான படிவத்தை வாங்க வேண்டும்.

படிவத்தை வாங்கிக்கொண்டு இறங்கியவள், கீழ்த்தளத்தின் நடையில் நின்றாள். உரிம அலுவலகத்தின் பெயர்ப்பலகை இருந்த இடத்தில் நான்கு ஆணித்துளைகள் மட்டுமே இருந்தன. உள்ளே மேசைகள் இல்லை. நடையில் ஒரு பெஞ்சு கிடந்தது. பார்த்ததும் தெரிந்துவிட்டது, அவர்கள் கம்பெனி பெஞ்சு. அவளுடைய கோடு.

“யாரு, கதவு சார் வீட்டம்மாவா?” காவலாளி எழுந்து வந்தார். “உட்காருங்க. சார் டீ வாங்கப் போயிருக்காரு.”

“இங்க ஆபீஸே இல்லையே?”

காவலாளி கழுத்தைச் சொறிந்தார். “ரெண்டு மாசம் ஆச்சும்மா மூடி. இன்ஸ்பெக்டர் சாரையும் வேற ஊருக்கு மாத்தியாச்சு. சார் மட்டும் செவ்வாய்க்கிழமை தவறாம வருவாரு. இந்தப் பெஞ்சுல உட்காருவாரு. அஞ்சு மணிக்குக் கிளம்பிப் போயிடுவாரு. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.”

அவள் உட்கார்ந்தாள். பிறகு, என்ன நினைத்தாளோ, கைப்பையிலிருந்து சாவியை எடுத்துப் பெஞ்சுக்கடியில் இருந்த கதவைத் திறந்தாள்.

உள்ளே ஒரு சீப்பு இருந்தது. ஒரு மடக்குக்குடை, பாதி தீர்ந்த பிஸ்கட் பொட்டலம், மழையில் நனைந்தால் மாற்றிக்கொள்ள மடித்து வைத்த ஒரு சட்டை. அந்தச் சட்டை எங்கே தொலைந்தது என்று மூன்று ஆண்டுகளுக்கு முன் வீடெல்லாம் தேடியது அவளுக்கு நினைவு வந்தது. ஓரத்தில், ரப்பர் போட்டுக் கட்டிய ஒரு கட்டு. வரிசையில் நிற்பதற்குத் தரும் எண் சீட்டுகள். ஒன்றைக்கூட அவர் எறியவில்லை.

இரண்டு தம்ளர்களோடு வந்த கதவு சார், திறந்திருந்த கதவைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“உனக்கு டீ வாங்கலையே” என்றார்.

ஒரு தம்ளரைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, தன்னுடையதை அவளிடம் நீட்டினார். அவள் பாதி குடித்துத் திருப்பிக் கொடுத்தாள். அவர் அருகில் உட்கார்ந்தார்.

“ஏங்க எங்கிட்ட சொல்லலை?”

“சொல்லலாம்னுதான் இருந்தேன். என்னன்னு சொல்றது? ஆபீஸ் இல்லாத ஆபீசுக்குப் போயிட்டு வர்றேன்னா?” தம்ளரைக் கையில் உருட்டினார். “நீயும்தான் ரெண்டு நாளா எதையோ சொல்ல வர்றே. கதவை எடுக்கணும், அதானே?”

அவள் நடந்ததைச் சொன்னாள். ஆறு நிற நூல்கள், வெறும் கொக்கி, சுத்தியல். ஐந்து சாவிகள் கையில் இருந்தன என்ற இடத்துக்கு வந்தபோது, அவருடைய முகத்தில் இருந்த கொஞ்ச நஞ்சச் சிரிப்பும் வடிந்துவிட்டது.

“அஞ்சும் கையிலயே இருந்துச்சா?”

“ஆமாங்க.”

“குழந்தை?”

“நல்லா இருக்கு. நான் பார்த்துட்டுத்தான் வந்தேன். தூங்குது.”

அவர் தம்ளரைத் தரையில் வைத்தார். “ஒரே சாவி போதும்னு சொன்னது நான். வெளிய சொல்ல வேணாம்னு சொன்னதும் நான்தான்” என்றார். பின்பு கைநீட்டிப் பெஞ்சுக் கதவைத் தள்ளி மூடினார். “எடுத்துடலாம்மா. இன்னிக்கே எடுத்துடலாம். அப்புறம் கதவு சாரைத்தான் எங்க வைக்கறதுன்னு பாக்கணும். பெயிண்ட் டப்பா பக்கத்துலயா?”

வேடிக்கையாகத்தான் சொன்னார். அவளுக்கு அழுகை வந்தது. அதை மறைக்க, கையிலிருந்த படிவத்தை அவர் மடியில் வைத்தாள்.

“நாப்பத்தியோரு கேள்வி இருக்கு. எனக்கு ஒண்ணுக்கும் பதில் தெரியலை. நீங்க படிங்க.”

அவர் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, வரிக்குக் கீழே விரலை வைத்து, அன்றைய குமாஸ்தாவைப் போல் படிக்கத் தொடங்கினார். ஒன்பதாம் கேள்வியில் விரல் நின்றது.

“‘பொருளை இயக்குபவர் எந்தக் கையால் இயக்குகிறார்? மற்றக் கை அப்போது என்ன செய்கிறது?’” இரண்டாம் முறை படித்தார். “இதைக் கேட்டவன் யாரோ, குழந்தை வளர்த்தவன்.”

“எனக்குத் தெரியாதுங்க. கோடு போடத்தான் தெரியும். அங்க உட்கார்ந்து பார்த்து எழுதணும். நாள் முழுக்க உட்காரணும். யாரையும் அவசரப்படுத்தாம, அவங்களே பேசற வரைக்கும்.”

“இருபத்திரண்டு வருஷத்துல ஒரு ஃபாரம்கூட சாமான் எப்படி வேலை செய்யுதுன்னு கேட்டதில்லம்மா” என்றார் அவர், அவள் சொன்னது காதில் விழாதவரைப் போல. “கதவு இருக்கா, பூட்டு இருக்கா. அவ்வளவுதான் கேப்பாங்க.” இன்னும் இரண்டு கேள்விகள் படித்தார். திடீரென்று நிமிர்ந்தார். “சட்டத்தைத் திருப்பிப் போட்டுட்டாங்கன்னா?”

“போட்டா போடட்டும். அன்னிக்கு ஒரு கதவு வைக்க இடம் கண்டுபிடிக்க உங்களுக்குத் தெரியாதா?”

காவலாளி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு தேநீரைக் குடித்தார். கதவு சார் சீப்பையும் குடையையும் சட்டையையும் எடுத்துக் கோப்புப் பையில் வைத்தார். பிஸ்கட் பொட்டலத்தைக் காவலாளியிடம் கொடுத்தார். எண் சீட்டுக் கட்டைக் கையில் வைத்துச் சற்றே யோசித்தார். பிறகு அதையும் பையில் போட்டுக்கொண்டார்.

*

அந்த வாரம் முழுவதும் அவர் மருத்துவமனையில் இருந்தார். குழந்தைகள் அறைக்கு வெளியே ஒரு நாற்காலி, மடியில் படிவம். காத்திருப்பதில் அவருக்கு நிகர் அவரே என்பதால், இரண்டாம் நாளிலேயே செவிலியர் தாமாக வந்து பேசத் தொடங்கினர். மெழுகுப் பையைப் பிடித்துத் தூக்கும் கம்பிக் காது சிறியதாக இருக்கிறது, ஈரக் கையில் வழுக்குகிறது என்று ஒருவர் சொன்னார். வரைபடம் போட்டவளுக்கு இரண்டு ஆண்டுகளாகத் தெரியாத செய்தி அது. மறுநாளே வெல்டர் அண்ணன் காதைப் பெரிதாக்கி அனுப்பினார்.

திங்கட்கிழமை காலையில் கதவு சாரே ஸ்பேனரை எடுத்தார். தரையில் துணி விரித்து, ஓசை எழாமல், ஒவ்வொரு கதவாகக் கழற்றி வைத்தார். கீல் இருந்த துளைகளில் விளிம்பு விரலைக் கீறாதபடி ரப்பர் மூடிகளைப் பொருத்தினார்.

தலைமைச் செவிலி இடுப்பில் கைவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். “இவரு யாரு?”

“கதவை வெச்சவரு” என்றாள் அவள்.

“எடுக்கறதும் இவரேதானா? நல்ல மனுஷன்தான்.”

கதவு சார் எழுந்து நின்றார். “அன்னிக்கு நடந்ததுக்கு மன்னிக்கணும்மா” என்றார். சொல்லும்போது ஸ்பேனரை இரு கைகளாலும் பிடித்திருந்தார்.

“குழந்தைகிட்ட சொல்லுங்க. அதுதான் கால் மணி நேரம் காத்திருந்துச்சு.”

ஆறாம் எண் தொட்டிலின் கதவை மட்டும் அவர் கழற்றவில்லை. “ஒண்ணு இருக்கட்டும். ரெண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எழுதணும்” என்று சொல்லிக் கைக்கடிகாரத்தைக் கழற்றி உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். தலைமைச் செவிலி முதலில் கதவுள்ள தொட்டிலுக்குப் போனார். குழந்தையை ஓரிடத்தில் கிடத்தி, பலகையில் சாவியைத் தேடி, திறந்து, பையை மாற்றி, பூட்டி, மறுபடி குழந்தையை எடுத்தார். ஒரு நிமிடம் இருபது நொடி. பிறகு கதவில்லாத நான்காம் எண் தொட்டில். குழந்தை இடது தோளில். வலக்கையால் பழைய பையை இழுத்தார், புதிய பையைச் செருகினார்.

“ஒன்பது” என்றார் கதவு சார். கடிகாரத்தைக் காதில் வைத்துப் பார்த்தார். “இன்னொரு தடவை செய்ங்கம்மா, தயவுசெஞ்சு.”

இரண்டாம் முறையும் ஒன்பது. மூன்றாம் முறை எட்டு; குழந்தை விழித்துக்கொண்டு சிணுங்கியது.

“உங்க கணக்குக்காக எழுப்பி விட்டாச்சு” என்றார் தலைமைச் செவிலி. “குடுங்க அந்தப் பேப்பரை. இதைப் பிடிங்க.” மறுக்க நேரம் கொடுக்காமல் குழந்தையை அவர் கையில் வைத்துவிட்டார்.

கதவு சார் அசையாமல் நின்றார். மூச்சைக்கூட அளந்து விடுவது போலிருந்தது. குழந்தை சிணுங்கலை நிறுத்தி, அவருடைய சட்டைப் பொத்தானைப் பார்த்தது.

தலைமைச் செவிலி கதவோடிருந்த ஆறாம் எண் தொட்டிலைப் பார்த்தார். “அதையும் கழட்டிடுவீங்கதானே?”

“இதோ கழட்டிடறேன்மா. குழந்தையை வாங்கிக்கிட்டீங்கன்னா…” என்றவர், குழந்தையைத் தருவதற்குக் கையை நீட்டவில்லை.

பேனா எழுதவில்லை. அவள் வேறு பேனா தேடிக் கைப்பையைத் துழாவினாள். உள்ளே சாவி கிணுகிணுத்தது. கதவு சார் குழந்தையிலிருந்து கண்ணை எடுக்காமலே கேட்டார்:

“இனிமே அந்தச் சாவியை என்ன பண்ணப் போறே?”

“வேற சொத்து இல்லைன்னு சொல்லிக் குடுத்தது. திருப்பிக் கேக்காதீங்க.”

பேனாவை எடுத்துத் தலைமைச் செவிலியிடம் கொடுத்தாள். அவர் கையெழுத்திட்டார்; கீழே தேதியையும், கேட்காமலே, ‘ஒரு கையால்’ என்பதையும் எழுதினார். அவள் அந்தத் தாளைக் கோப்புப் பையில், எண் சீட்டுக் கட்டின் மேல் வைத்துவிட்டு, கணவர் கையிலிருந்து குழந்தையை வாங்கப் போனாள்.

“இரு, இரு” என்றார் அவர். “இப்பத்தான் கண்ணை மூடுது.”